தெய்வச் செயல்

1

1948 அக்டோபர் 30, சனிக்கிழமை மதியம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் டோனோரா என்ற சின்ன ஊர். ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் பக்கத்து ஊரான மொனாங்கஹீலாவின் அணியோடு ஃபுட்பால் ஆடிக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்துக்குப் பந்து தெரியவில்லை. ஆட்டக்காரர்களே மங்கலாகத்தான் தெரிந்தார்கள். ஆனாலும் ஆட்டம் நிற்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் ஹாலோவீன் ஊர்வலமும் இதே மாதிரிதான் நடந்தது. வேஷம் போட்ட குழந்தைகள் புகைக்குள் பேய்களைப் போல வந்து போனார்கள்.

ஆட்டம் நடந்துகொண்டிருந்த நேரத்தில் அந்த ஊரில் பத்துப் பேருக்கு மேல் ஏற்கெனவே இறந்திருந்தார்கள். மைதானத்தில் இருந்தவர்களில் பலருக்கு அது தெரியாது.

1952 டிசம்பரில் லண்டனைப் போர்த்திய புகைமூட்டத்தைப் பற்றி வாசிக்கப் போய்த்தான் டோனோராவை நான் வந்தடைந்தேன். லண்டன் கதை எல்லாருக்கும் தெரியும், தொலைக்காட்சித் தொடர்களில்கூட வந்துவிட்டது. அதற்கு நாலு வருஷம் முன்னால் பதினாலாயிரம் பேர் இருந்த ஓர் ஊரில் நடந்தது அவ்வளவாகப் பேசப்படவில்லை. ஆனால் காற்று எப்படிக் கொல்கிறது, கொன்ற பிறகு யார் மேல் பழி விழுகிறது என்று புரிந்துகொள்ள லண்டனைவிட டோனோராதான் உதவும் என்று எனக்குப் படுகிறது. சின்ன ஊர் என்பதால் அங்கே எல்லாமே கண்ணுக்கு நேரே இருக்கிறது: ஒரு ஆறு, ரெண்டு பக்கம் மலை, ஒரு கம்பெனி, ஒரு பருவம்.

2

முதலில் நிலத்தைப் பார்ப்போம். மேப்பைத் திறந்து பிட்ஸ்பர்க் நகரத்திலிருந்து மொனாங்கஹீலா ஆற்றைப் பிடித்துக்கொண்டு தெற்கே முப்பது நாற்பது கிலோமீட்டர் போங்கள். ஆறு வடக்கு நோக்கி ஓடுவதால் நீங்கள் எதிரோட்டத்தில் போகிறீர்கள். ஓரிடத்தில் ஆறு குதிரை லாடம் மாதிரி வளைகிறது. அந்த வளைவுக்குள் உட்கார்ந்திருக்கிறது டோனோரா. எதிர்க்கரையில் வெப்ஸ்டர் என்ற இன்னும் சின்ன ஊர். சுற்றிலும் நானூறு அடி உயரத்துக்கு மலைச்சரிவுகள். நம் ஊர்க் கணக்குக்கு அதைக் குன்று என்றுதான் சொல்லுவோம். ஆனால் ஆற்றங்கரையில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு அது சுவர்.

இப்படி ஒரு குழிக்குள் போய் எதற்காகத் தொழிற்சாலை கட்டினார்கள்? இந்தக் கேள்விக்கான விடைதான் கதையின் பாதி. அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க நிலக்கரி. கரியைப் படகில் ஏற்றி இறக்க ஆறு இருக்கிறது. உலைகளைக் குளிர்விக்கவும் கழிவை விடவும் அதே ஆறு. ரயில் பாதை போடவும் ஆலை கட்டவும் மலைப்பிரதேசத்தில் கிடைக்கிற சமதளம் ஆற்றங்கரை ஒன்றுதான். தொழிற்சாலையை அங்கே இழுத்து வந்த நிலஅமைப்பேதான் பின்னால் புகையை வெளியே விடாமல் பிடித்தும் வைத்தது.

1901-ல் ஊர் உருவானது. பெயரே முதலாளிகளின் பெயர்தான். வில்லியம் டோனர் என்ற தொழிலதிபரின் பெயரையும், வங்கியாளர் ஆண்ட்ரூ மெல்லனின் மனைவி நோராவின் பெயரையும் ஒட்டவைத்து டோனோரா ஆக்கினார்கள். முதலில் இரும்பும் கம்பியும் வந்தன. 1915-ல் துத்தநாக ஆலை வந்தது. நடத்தியது யு.எஸ். ஸ்டீலின் துணை நிறுவனமான அமெரிக்கன் ஸ்டீல் அண்ட் வயர். ஆற்றங்கரையோரமாக ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்கு ஆலைகள் நின்றன. போலந்திலிருந்தும் ஸ்லோவாக்கியாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியிலிருந்து துத்தநாக வேலை தெரிந்த குடும்பங்கள் கடல் தாண்டி வந்து குடியேறின.

துத்தநாகத் தாதுவில் கந்தகம் கலந்திருக்கும். தாதுவை வறுத்தால் அது சல்ஃபர் டை ஆக்ஸைடாக வெளியேறும். அதோடு துத்தநாக ஆக்ஸைடுத் தூசி, கார்பன் மோனாக்ஸைடு, ஃப்ளோரைடு சேர்மங்கள். துத்தநாகப் புகையைச் சுவாசித்த தொழிலாளிக்குச் சாயங்காலம் குளிர்க்காய்ச்சல் வரும், உடம்பு உதறும், மறுநாள் சரியாகிவிடும். அமெரிக்கத் தொழிலாளிகள் அதற்கு ‘ஜிங்க் நடுக்கம்’ என்று பேர் வைத்திருந்தார்கள். பேர் வைக்கிற அளவுக்குப் பழகிப்போன நோய்.

ஆலையின் புகைபோக்கிகள் மலையுச்சியைவிடத் தாழ்வானவை. அதாவது, காற்று நன்றாக வீசுகிற நாளில்கூடப் புகை முதலில் பள்ளத்தாக்குக்குள்தான் விழும். எதிர்க்கரை வெப்ஸ்டரில் விவசாயிகளின் பயிர் கருகியது, பழமரங்கள் பட்டுப்போயின, சரிவுகளில் புல்கூட முளைக்காமல் மண் அரித்தது. அவர்கள் கம்பெனியோடு வருஷக்கணக்காக நஷ்டஈட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆகவே புகை கெடுதல் செய்யும் என்பது 1948-ல் அந்த ஊருக்குப் புது விஷயமே இல்லை.

3

நிலம் வருஷம் பூரா அப்படியேதான் இருக்கிறது. ஆலையும் வருஷம் பூரா ஓடுகிறது. அப்படியானால் ஏன் அக்டோபர்?

சாதாரணமாகத் தரைக்குப் பக்கத்தில் இருக்கிற காற்று சூடாகவும் மேலே போகப் போகக் குளிராகவும் இருக்கும். சூடான காற்று மேலே எழும்போது புகையையும் தூக்கிக்கொண்டு போய்விடும். இலையுதிர் காலத்தில் இரவு நீண்டுவிடுகிறது. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிட்டுச் சில்லிட்டுப்போகும். அதைத் தொட்டுக்கொண்டிருக்கிற காற்றும் குளிரும். குளிர்ந்த காற்று கனமானது. அது மலைச்சரிவில் தண்ணீர் மாதிரி வழிந்து பள்ளத்தாக்கின் அடியில் தேங்கும். இப்போது கீழே குளிர், மேலே வெதுவெதுப்பு. வழக்கமான வரிசை தலைகீழாகிவிட்டது. வானிலைக்காரர்கள் இதை வெப்பநிலைத் தலைகீழ்மாற்றம் என்பார்கள். மேலே இருக்கிற சூடான காற்று மூடி போட்ட மாதிரி உட்கார்ந்துகொள்ளும். கீழே இருக்கிற புகை எழும்பவே முடியாது.

இதைப் புரிந்துகொள்ளப் பென்சில்வேனியாவுக்கே போகவேண்டும் என்றில்லை. சென்னையில் போகியன்று விடிகாலை எழுந்து பாருங்கள். மார்கழி முடிகிற நாள், பனி, அசையாத காற்று. தெருவுக்குத் தெரு எரிகிற புகை மாடி உயரத்துக்குமேல் போகாமல் அங்கேயே படுத்திருக்கும். விமானங்கள் தாமதமான வருஷங்கள் உண்டு. ஆனால் சென்னை சமதரை. காலை ஒன்பது பத்து மணிக்கு வெயில் ஏறும், பிறகு கடற்காற்று வரும், மூடி திறந்துகொள்ளும்.

டோனோராவில் திறக்கவில்லை. ஆற்றின் ஈரத்தால் மூடுபனி கட்டியது. பனியின் மேல்பரப்பு வெள்ளையாக இருப்பதால் அது வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். வெயில் தரையைத் தொடாவிட்டால் தரை சூடாகாது, தரை சூடாகாவிட்டால் மூடி திறக்காது. அக்டோபர் கடைசியில் சூரியனுக்கும் வலு குறைவு. மலைகளோ காலையிலும் மாலையிலும் அந்தக் கொஞ்ச வெயிலையும் மறைக்கின்றன. இதற்கெல்லாம் மேலே ஒரு பெரிய உயரழுத்த மண்டலம் வந்து அந்தப் பிரதேசத்தின் மீது நகராமல் நின்றுவிட்டது. வழக்கமாக ஒரு ராத்திரியோடு முடிகிற சங்கதி ஐந்து நாள் நீண்டது.

4

அக்டோபர் 26, செவ்வாய்க்கிழமை தொடங்கிய மூட்டத்தை முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆலை ஊரில் மூட்டம் வருவது இலையுதிர் காலத்து வழக்கம். புதன், வியாழன் என்று அது அடர்ந்துகொண்டே போனது. வெள்ளிக்கிழமை வாக்கில் தெருவின் எதிர்ப்பக்கம் தெரியவில்லை, வண்டி ஓட்ட முடியவில்லை. மருத்துவர்களின் தொலைபேசி ஓயாமல் அடிக்க ஆரம்பித்தது. மூச்சு முட்டுகிறது, நெஞ்சு எரிகிறது, இருமல் நிற்கவில்லை.

சனிக்கிழமை அதிகாலையில் முதல் சாவு. அன்றைக்கு ஒரே நாளில்தான் பெரும்பாலானவர்கள் இறந்தார்கள். தீயணைப்புப் படையினர் ஆக்ஸிஜன் உருளைகளைத் தூக்கிக்கொண்டு, வீட்டுச் சுவர்களையும் வேலிகளையும் கையால் தடவித் தடவி வீடு வீடாகப் போனார்கள். உருளைகள் போதவில்லை. ஒவ்வொருவருக்கும் கொஞ்ச நேரம் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினார்கள். மூச்சு சீரான ஆளிடமிருந்து முகமூடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போவது எப்படிப்பட்ட வேலையாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஊர்ச் சமூகக் கூடம் ஒரே சமயத்தில் உதவி மையமாகவும் பிணவறையாகவும் ஆனது. ஊர்ச் சுகாதார வாரியத்தில் இருந்த மருத்துவர் வில்லியம் ரோங்காஸ், முடிந்தவர்கள் எல்லாரும் ஊரைவிட்டு வெளியேறுங்கள் என்றார். ஆனால் கண் தெரியாத சாலையில் எங்கே போவது?

ஆலை ஓடிக்கொண்டேதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி வாக்கில்தான் துத்தநாக ஆலை தாது போடுவதை நிறுத்தி, உலைகளைச் சூட்டில் மட்டும் வைத்திருந்தது. அதே ஞாயிறன்று மழையும் வந்தது. மூட்டம் கலைந்தது.

இருபது பேர் இறந்தார்கள். எல்லாருமே ஐம்பது வயதைக் கடந்தவர்கள், பலருக்கு ஏற்கெனவே ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தது. பின்னால் நடந்த அரசு ஆய்வு 5,910 பேர் நோய்ப்பட்டதாகக் கணக்கிட்டது. அந்தப் பகுதியின் மக்கள்தொகையில் ஏறக்குறைய 43 சதவீதம். வயது ஏற ஏற அந்த விகிதமும் ஏறியது. அமெரிக்காவின் புகழ்பெற்ற பேஸ்பால் ஆட்டக்காரர் ஸ்டான் மியூஸியல் டோனோராக்காரர். ஆலைத் தொழிலாளியான அவருடைய அப்பா அந்த மூட்டத்துக்குப் பிறகு உடல்நலம் குன்றி அதே டிசம்பரில் இறந்தார். இருபது என்ற கணக்கில் அவர் வரமாட்டார். செவ்வாய்க்கிழமை, நவம்பர் 2, அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல். நாட்டின் கவனம் ட்ரூமன் பக்கம் திரும்பிவிட்டது.

5

மருத்துவர் ரோங்காஸ் இதைக் கொலை என்றே சொன்னார். கம்பெனி ‘தெய்வச் செயல்’ என்றது. இது பக்தியில் சொன்ன வார்த்தை இல்லை. சட்டத்தில் இதற்கு ஒரு பொருள் உண்டு. நிலநடுக்கம், இடி, வெள்ளம் என்று மனிதர்கள் முன்கூட்டி அறியவோ தடுக்கவோ முடியாத ஒன்று நடந்தால் அதற்கு யாரும் பொறுப்பில்லை. முப்பது வருஷத்துக்கு மேலாக இதே ஆலை இதே இடத்தில் ஓடுகிறது, யாரும் இப்படிச் சாகவில்லை, இந்த வாரம் வானிலை புதுசு, எனவே குற்றவாளி வானிலை. வாதம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆலை நின்ற நாளும் மழை வந்த நாளும் ஒன்றாகிப்போனது அவர்களுக்கு இன்னும் வசதி. வானிலை தொடங்கியது, வானிலையே முடித்துவைத்தது என்று சொல்லிவிடலாம்.

இந்த வாதத்தை நான் பலமுறை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதில் இருக்கிற ஓட்டை இதுதான். அந்தப் பள்ளத்தாக்கு 1901-க்கு முன்பும் இருந்தது. ஆறு, மூடுபனி, நீண்ட இரவு, நகராத உயரழுத்தம் எல்லாம் அந்த மலைகள் தோன்றிய நாளிலிருந்து இருக்கின்றன. வெறும் பனி ஒரு ஊரில் பாதிப்பேரைப் படுக்கையில் தள்ளுவதில்லை. வெறும் புகையும், திறந்த வெளியில், ஐந்து நாளில் இருபது பேரைக் கொல்லாமல் இருந்திருக்கலாம். இரண்டும் பெருக்கிக்கொண்டன. பெருக்கலில் ஒரு எண்ணைப் பூஜ்யமாக்கினால் போதும், விடை பூஜ்யமாகிவிடும். மலையை நகர்த்த முடியாது, அக்டோபரை ரத்து செய்ய முடியாது. மனிதன் கையில் இருந்த எண் ஒன்றே ஒன்றுதான்.

முன்கூட்டி அறிய முடியாதது என்பதும் நிற்காது. 1930 டிசம்பர் முதல் வாரத்தில் பெல்ஜியத்தின் மியூஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், லியேஜுக்கும் ஹுயிக்கும் நடுவே, அச்சு அசலாக இதேதான் நடந்தது. குறுகிய பள்ளத்தாக்கு, வரிசையாக ஆலைகள், அவற்றில் துத்தநாக ஆலைகளும் உண்டு, அசையாத குளிர்காற்று, ஐந்து நாள் மூட்டம். அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விசாரணையில் பங்கெடுத்த மருத்துவர் ஃபிர்கே, இதே அளவில் லண்டனில் நடந்தால் 3,200 பேர் இறப்பார்கள் என்று 1936-ல் கணக்குப் போட்டு எழுதிவிட்டார். 1952-ல் லண்டனில் முதலில் சொல்லப்பட்ட எண்ணிக்கை சுமார் 4,000. பின்வந்த ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. டோனோராவுக்குப் பன்னிரண்டு வருஷம் முன்னாலேயே எச்சரிக்கை அச்சில் இருந்தது.

அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை ஆய்வாளர்களை அனுப்பியது. 1949 அக்டோபரில் அறிக்கை வந்தது. வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கணக்கெடுத்த விதத்தில் அது முன்னோடி அறிக்கை. ஆனால் சாவுக்குக் காரணம் என்று எந்த ஒரு நஞ்சையும் அது சுட்டிக்காட்டவில்லை. பல மாசுகள் சேர்ந்து செய்திருக்கலாம் என்றது. வேதியியலாளர் ஃபிலிப் சாட்லர் ஃப்ளோரைடுதான் காரணம் என்று வாதிட்டார், அது இன்றுவரை விவாதம். எனக்கு உறுத்துவது வேறு. ஆய்வாளர்கள் அளந்தது பின்னால் வந்த மாதங்களின் காற்றை. ஆட்களைக் கொன்ற காற்று மழையோடு போய்விட்டது.

நூற்றுக்கு மேற்பட்டவர்கள் வழக்குப் போட்டார்கள். 1951-ல் 2,35,000 டாலருக்குச் சமரசம் ஆனது. கம்பெனி தவறு என்று எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

6

ஊர்க்காரர்கள் ஏன் பொங்கி எழவில்லை என்று கேட்பது சுலபம். சம்பளச் சீட்டு அதே புகைபோக்கியிலிருந்துதான் வந்தது. புகை இல்லை என்றால் வேலைநிறுத்தம் அல்லது ஆலைமூடல் என்று அர்த்தம். புகையைப் பார்த்தால் அடுப்பெரியும் என்கிற நம்பிக்கை. எதிர்க்கரை வெப்ஸ்டர்காரர்களுக்கு அந்தக் கட்டு கொஞ்சம் தளர்வு, அதனால் அவர்கள் அதிகம் சத்தம் போட்டார்கள். துத்தநாக ஆலை 1957-ல் மூடப்பட்டது. அறுபதுகளில் இரும்பு ஆலையும் போனது. பதினாலாயிரம் பேர் இருந்த ஊரில் இன்று ஐயாயிரம் பேர்கூட இல்லை. காற்று சுத்தமானது, ஊர் காலியானது. இந்த ரெண்டு வாக்கியங்களையும் சேர்த்து வைத்துத்தான் டோனோராவைப் பற்றிப் பேச முடியும்.

அந்த ஊரில் வளர்ந்து பின்னால் நோய்ப்பரவியல் ஆய்வாளரான டெவ்ரா டேவிஸ், கல்லூரிக்குப் போய்ப் புத்தகத்தில் படித்த பிறகுதான் தன் ஊரில் இப்படி ஒன்று நடந்ததையே அறிந்ததாக எழுதியிருக்கிறார். வேறு ஏதாவது டோனோரா இருக்கிறதா என்று வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டாராம். பத்து வருஷம் கழித்து நடந்த தொடர் ஆய்வில், மூட்டத்தின்போது நோய்ப்பட்டவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக நோயுற்றதும் இறந்ததும் தெரியவந்தது. மூட்டம் கலைந்ததோடு எதுவும் முடியவில்லை.

வெளியுலகம் கொஞ்சம் அசைந்தது. 1950-ல் ட்ரூமன் காற்று மாசு குறித்த முதல் தேசிய மாநாட்டைக் கூட்டினார். 1955-ல் முதல் சட்டம், 1963-லும் 1970-லும் தூய காற்றுச் சட்டங்கள். இடையில் இன்னொரு குறுக்குவழியையும் தொழில்துறை பிடித்துக்கொண்டது: மூடி தாழ்வாக இருக்கிறதா, புகைபோக்கியை மூடிக்கு மேலே உயர்த்து. கனடாவின் சட்பரியில் 1972-ல் 381 மீட்டர் உயரத்துக்கு ஒரு புகைபோக்கி எழுந்தது. உள்ளூர்க் காற்று நிஜமாகவே தெளிந்தது. கந்தகம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப்போய் அமில மழையாக ஏரிகளில் விழுந்தது. பிரச்சினை நிலஅமைப்புதான் என்று நினைத்தவர்கள் நிலஅமைப்பைத் தாண்டிக் குதித்தார்கள். விழுந்த இடத்திலும் யாரோ இருந்தார்கள்.

7

இந்தப் பழங்கதை நமக்கெதற்கு? நான் ஒரு காரணம்தான் சொல்வேன். காற்றை எந்த மாதத்தில் அளக்கிறோம் என்ற கேள்வி.

இந்தியாவில் நுண்துகள் பி.எம். 2.5-க்கு ஆண்டு சராசரி வரம்பு 40 மைக்ரோகிராம், ஒருநாள் வரம்பு 60. டோனோரா மாதிரி ஒரு ஊருக்கு ஆண்டு சராசரி எடுத்தால் அந்த ஐந்து நாட்கள் 365-ல் கரைந்துபோகும். ஒரு தொழிற்சாலை வருவதற்கு முன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்கிறார்கள் இல்லையா, அதில் பல திட்டங்களுக்கு மழைக்காலம் தவிர்த்த ஏதாவது ஒரு பருவத்தின் அளவீடு போதும். சித்திரை வெயிலில், காற்று நன்றாக மேலெழும்பும் மாதங்களில் அளந்த காற்றும், தை மாத விடியலில் தரையோடு படுத்திருக்கும் காற்றும் ஒரே ஊரின் காற்றுதான். ஆனால் காகிதத்தில் ஏறுவது ஒன்று, நெஞ்சுக்குள் போவது வேறொன்று. வீட்டுப் பெரியவர்கள் ‘பனியில தலையைக் காட்டாதே’ என்பார்கள். அவர்கள் குறை சொன்னது பனியை. பனிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கவேண்டியவர்கள் நாம்.

ஒரு ஆலைக்கு இடம் பார்க்கும்போது ஆறு எங்கே, ரயில் எங்கே, சமதரை எங்கே என்று மட்டும் கேட்டால் டோனோராதான் வரும். இந்த இடத்தில் வருஷத்தின் மிக மோசமான ஐந்து நாட்கள் எவை, அந்த நாட்களில் உலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கும் என்றும் சேர்த்துக் கேட்கவேண்டும். 1948-ல் அந்த அதிகாரம் ஊர் மருத்துவரிடமோ சுகாதார வாரியத்திடமோ இல்லை. கம்பெனியிடம் இருந்தது. அவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை வரை காத்திருந்தார்கள்.

டோனோராவில் 2008-ல் ஒரு சின்ன அருங்காட்சியகம் திறந்தார்கள். தூய காற்று இங்கேதான் தொடங்கியது என்பது அதன் முழக்கம். ஊரைச் சுற்றியுள்ள சரிவுகளில் மறுபடி மரங்கள் வந்துவிட்டன. ஒவ்வொரு அக்டோபரிலும் குளிர்ந்த காற்று அந்தச் சரிவுகளில் இறங்கி, ஆற்று வளைவில் தேங்கி, வெள்ளையாக மூடுபனி கட்டுகிறது. காலையில் கலைந்துபோகிறது. அதனால் யாரும் சாவதில்லை.